மேல்வீட்டுப் பம்ப்

தொண்ணூறுகளில் லண்டன் மோர்டன் பக்கத்தில் வீடு வாங்கிய யாழ்ப்பாணத்தவர்களில் கனகலிங்கத்தின் தொல்லையை அனுபவிக்காதவர்கள் குறைவு. ஒக்டோபர் பிறந்து காற்று கொஞ்சம் கடிக்கத் தொடங்கினால் போதும், மனிதர் கூப்பிடாமலே வந்து கதவைத் தட்டுவார். நீல ஓவரோல், கையில் ஒரு தட்டை ஸ்குரூடிரைவர். முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. "பம்பை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்பார். தேத்தண்ணி வேண்டாம், காசு வேண்டாம், இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார். நேரே படிக்குக் கீழுள்ள அலுமாரிக்குப் போய், செப்புக் குழாய்களுக்கு நடுவில் குந்திக்கொண்டிருக்கும் பம்பின் மேல் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சனம் சும்மா இருக்குமா? வேலை பிடிக்க வருகிறார் என்றார்கள் சிலர். மண்டை கழன்றுவிட்டது என்றார்கள் வேறு சிலர். பட்டப்பெயர் வைக்காமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. ஆகவே 'தொட்டுப்பாக்கிற கனகர்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு அவருடைய அண்ணர் செல்வரத்தினத்தைத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

பம்ப் என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் தேங்காய் அளவு. பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும்; பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே தள்ளி அறை அறையாக ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். அறை குளிர்ந்துவிட்டதென்று சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட் கண்டால் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும். சூடு காணும், போதுமென்றால் நிற்பாட்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் நாள்கணக்காக ஓடாமல் கிடந்தால் சில பம்ப் உள்ளே துருவும் சேறும் பிடித்து இறுகிவிடும். இறுகின பம்புக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு கிடந்து சுடும், கைவைக்க முடியாத சூடு. முகத்திலுள்ள பெரிய ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டை ஸ்குரூடிரைவரால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். குளிர்ந்துபோய்க் கிடக்கும் பம்ப் வேறு. அதற்கு நோய் எதுவும் இல்லை. அதை யாரும் ஓடச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உள்ளங்கை ஒன்று போதும். தொழில் பழகிய முதல் கிழமையிலேயே கனகலிங்கத்துக்கு இது தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் கணக்கியல் படிக்கவென்று வந்தவர் அவர். அழைத்தவர் அண்ணர். செல்வரத்தினம் அதற்குப் பல வருடம் முந்தியே வந்து, சட்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்று, தங்கச்சிமாருக்குச் சீதனம், தம்பிக்குப் படிப்பு என்று வாழ்ந்ததில் கல்யாண வயதையே தவறவிட்டவர். தொய்வுக்காரர்; பனிக்காலம் முழுக்க நெஞ்சு இழுக்கும். அதிகம் கதைக்கமாட்டார். என்ன செய்ய வேண்டுமென்று தன்பாட்டில் யோசித்து முடிவெடுத்து, செய்து முடித்துவிட்டு, அதையும் சொல்லாமல் இருந்துவிடுவார். கனகலிங்கத்துக்குக் கணக்கியல் மண்டையில் ஏறாது என்று கண்டதும், ஒரு வார்த்தை திட்டாமல், அரசாங்கம் நடத்திய ஹீட்டிங் தொழில் பயிற்சிக்கு அவரே பெயரைப் பதிந்து விட்டுவிட்டு வந்தார். தம்பிக்கு அப்போது கோபம். பிறகு அதுவே சோறு போட்டது. இருவரும் உழைப்பைச் சேர்த்து மோர்டனில் வரிசை வீடு ஒன்றை வாங்கினார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் இணுவிலிலிருந்து தவமலர் வந்து இறங்கினாள், கனகலிங்கத்துக்குப் பேசிய பெண். விசாவில் கொடுத்த காலத்துக்குள் கல்யாணம் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் திரும்பிப் போக வேண்டும். அந்த நேரத்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெற்றோல் நிலையத்துத் தொலைபேசிக்குக் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஊரில் அம்மா செத்துப்போனா.

தாய் செத்தால் வீட்டில் துடக்கு. கல்யாணம் கிடையாது. ஒரு வருடம் தள்ளிப்போகும். அதுவும் எங்கள் வழக்கப்படி தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைத்தால், தாய்க்கு வைக்க வேண்டியவன் இளையவன். கனகலிங்கம்தான் வீட்டில் இளையவன்.

செல்வரத்தினம் செய்தியை விழுங்கிக்கொண்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழன் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்று, வந்த சனத்தைக் கைகூப்பி வரவேற்றார். தம்பி தாலி கட்டும்போது பூவும் அரிசியும் போட்டார். கல்யாணம் பதிந்து, எல்லாம் அடங்கி நாலாம் நாள்தான் தம்பியைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார். ஊரில் அதற்குள் பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் நெருங்கிவிட்டது.

"அண்டைக்கே தெரியுமோ உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார் கனகலிங்கம்.

"தெரியும். பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஏலுமோ? அம்மாவும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பா."

"அம்மாவைக் கேக்கேல்லை. என்னை ஏன் கேக்கேல்லை?"

கேட்டிருந்தால் தம்பி என்ன சொல்லியிருப்பான் என்று இருவருக்கும் தெரியும். தாயின் பிணம் வீட்டில் கிடக்கத் தான் மணவறையில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்த படம் கனகலிங்கத்தின் கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணர் செய்தது சரியென்று அறிவுக்குப் பட்டது. அதுதான் இன்னும் எரிந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினார்.

வீட்டை விற்கலாம் என்றார் இருவருக்கும் பொதுவான நண்பர் சபாரத்தினம். அதற்குக்கூட இருவரும் கதைக்க வேண்டுமே. ஆகவே மேல்மாடி அண்ணருக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு என்று ஆனது. கீழே பின்பக்கம் நீட்டிக் கட்டிய துண்டில் ஒரு குளியலறை இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே சின்ன அறையில் அண்ணர் ஓர் அடுப்பு வைத்துக்கொண்டார். பிரிக்க முடியாமல் நின்றது பாய்லர் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் காணி பிரிக்கும்போது நடுவால் வேலி வரும், கிணறு மட்டும் பொதுவில் நிற்கும். காணி உறுதிப் பத்திரத்தில் 'கிணற்றில் பங்கு' என்று எழுதுவார்கள். முகம் பார்க்காத சகோதரர்கள் முறை வைத்து அதே கிணற்றில் இறைப்பார்கள். வேலி ஒரு சாண் தள்ளினால் கோடு கச்சேரி என்று வழக்குப் பேசித் தலைமுறை தலைமுறையாக அலைவார்கள். கனகலிங்கம் அந்த வேலியைக் குழாயால் போட்டார். பாய்லரிலிருந்து வரும் குழாயை இரண்டாக வெட்டி, ஒன்று கீழுக்கு, ஒன்று மேலுக்கு. ஆளுக்கொரு பம்ப், ஆளுக்கொரு தெர்மோஸ்டாட். ஒருவர் தண்ணீர் மற்றவர் பக்கம் திரும்பி ஓடாமல் இரண்டு ஒருவழி வால்வு. பம்ப் இரண்டையும் படிக்குக் கீழ் அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் பூட்டினார்.

"கனகு, இது லண்டன். பாய்லருக்கு ஆரடா பங்கு பிரிக்கிறது?" என்று சபாரத்தினம் கேட்டார்.

"கிணத்துக்குப் பிரிக்கலாமெண்டால் இதுக்கும் பிரிக்கலாம்."

"அண்ணையின்ரை பம்ப் உன்ரை அலுமாரிக்குள்ளை கிடக்கு. அது பழுதானால்?"

"வந்து கேக்கட்டும். வாய் இருக்குத்தானே. கேட்டால் செய்து குடுப்பன்."

வெளியில் பார்த்தால் நேர்மையான பிரிவினை. ஆனால் கீழுக்குப் பூட்டியது பெட்டி பிரிக்காத புதுப் பம்ப். மேலுக்குப் போனது வீட்டை வாங்கும்போது இருந்த பழையது. 'மேலுக்கு இது காணும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனிதர் எவ்வளவு சின்னப்பட முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. அண்ணர் வேலைக்குப் போகும் சத்தம், வரும் சத்தம், இருமும் சத்தம், இவ்வளவும் தலைக்கு மேலே கேட்கும். தவமலர் கறி காய்ச்சினால் ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டுபோய்ப் படியின் நடுவில் வைப்பாள். கழுவிய கிண்ணம் அடுத்த நாள் அதே படியில் இருக்கும். சில நாளில் அதற்குள் இரண்டு தோடம்பழம் இருக்கும். கனகலிங்கம் அதைக் காணாதமாதிரிக் கடந்து போவார். இரவில் படுக்கும்போது சுவருக்கு அப்பால் இரண்டு பம்பும் ஓடும் இரைச்சல் கேட்கும். பழையதன் இரைச்சல் கொஞ்சம் கனத்தது. அதை வைத்து அண்ணர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று அவர் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றுதான் சொல்லிக்கொள்வார்.

எண்பத்தாறு முடிகிற நேரம் தவமலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நாள் கணக்குக்கு முந்திப் பிறந்த பிள்ளை, கையில் தூக்கினால் ஒரு பூனைக்குட்டிக்கு இருக்கும் பாரம்கூட இல்லை. அறையை நல்ல சூடாக வைத்திருக்க வேண்டும், பிள்ளை சூடு குறைந்தால் பால் குடிக்காது, நிறை ஏறாது என்று வீட்டுக்கு வந்த தாதி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். தவமலர் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை முன்னறையோடு இருந்தாள். பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கென்றால் துடக்குத்தான், மோர்டனாக இருந்தால் என்ன, இணுவிலாக இருந்தால் என்ன. ஊரிலென்றால் பிள்ளையைப் பார்க்கப் பெரியப்பன்தான் முதல் வந்திருப்பான். இங்கே பெரியப்பன் தலைக்கு மேலே இருந்துகொண்டு, பிள்ளை அழும் சத்தத்தை மட்டும் கேட்டார்.

ஜனவரியில் அந்தப் பனி வந்தது. லண்டனில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பகலிலும் உறைநிலைக்குக் கீழேயே நின்றது. ஜன்னலின் உள்பக்கத்தில் பனி பிடித்தது. கதவைத் திறந்தால் முழங்கால் மட்டும் பனி. பஸ் இல்லை, ரெயில் இல்லை. கனகலிங்கத்தின் வான் ஒரு வெள்ளைத் திட்டியாகத் தெருவில் கிடந்தது.

அந்த பாய்லர் அந்த வீட்டுக்கே மட்டுமட்டு. சாதாரணக் குளிரில் இரண்டு பங்குக்கும் காணும். அந்தக் குளிரில் காணவில்லை. இரண்டு பம்பும் ஓடினால் கீழே ரேடியேட்டர் இளஞ்சூட்டில் நின்றது, மேலேயும் அப்படித்தான் நின்றிருக்கும். பிள்ளையின் கால் குளிர்ந்து, பால் குடிக்கச் சோம்பியது. கனகலிங்கம் பாய்லரை எவ்வளவுக்குக் கூட்டலாமோ அவ்வளவுக்குக் கூட்டினார். தன் பம்பைக் கூடின வேகத்துக்கு மாற்றினார். பிள்ளையின் கட்டிலை ரேடியேட்டரோடு ஒட்டி இழுத்தார். மேலே போய் 'அண்ணை, உங்கடை பக்கத்தை ரெண்டு நாளைக்குக் குறைச்சு வையுங்கோ, பிள்ளை குளிருது' என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் வராமலும் இல்லை. கிணற்றில் முறை தவறிப் பக்கத்து வீட்டுக்காரனிடம் தண்ணீர் கேட்கிற கேவலமாக அது அவருக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை ரேடியேட்டர் கைவைக்க முடியாமல் சுட்டது. அறை நன்றாகச் சூடேறியது. பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரையானது. கனகலிங்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். அலுமாரிக்குள் ஒரு பம்ப்தான் ஓடியது. கனத்த இரைச்சல் இல்லை.

"மேல்வீட்டுப் பம்ப் இறுகிப்போச்சு" என்றார்.

"போய்த் திருத்திவிடுங்கோவன். தொய்வுக்காற மனுசன்" என்றாள் தவமலர்.

"வந்து கேக்கட்டும்."

"அவர் கேப்பாரே?"

"அம்மா செத்ததையே சொல்லாதவர். பம்ப் நிண்டதையாவது வந்து சொல்லட்டும்."

இதைச் சொல்லும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றரை வருடமாக அவர் காத்திருந்ததே இதற்குத்தான். அண்ணர் படியால் இறங்கி வருவார், வாசலில் நிற்பார், 'கனகு, பம்ப் நிண்டிட்டுது' என்பார். ஏதோ ஒன்றைத் தன்னிடம் கேட்டுச் செய்வார். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்திருந்தார். அலுமாரி அவருடைய படுக்கைக்கு எட்டடி தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தால் ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. கேளாமல் போய்ச் செய்தால் தோற்றதாகிவிடும்.

அன்று பின்னேரம் அண்ணர் வேலையிலிருந்து நடந்து வந்தார். சட்டனிலிருந்து மோர்டனுக்குப் பனிக்குள்ளால் நடை. படியேறும்போது நடுப்படியில் நின்று நின்று ஏறுவது கேட்டது. பிறகு இருமல் தொடங்கியது. அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இருமல் நெடுநேரம் இழுத்து, ஓய்ந்து, மறுபடி இழுத்தது. கீழே பிள்ளை வியர்த்துப்போய், போர்வையை விலக்கிவிட வேண்டிய சூட்டில் கிடந்தது.

"ஒருக்கா ஏறிப் பாருங்கோ" என்றாள் தவமலர். "கிண்ணம் வைச்சபடி வைச்ச இடத்திலை இருக்கு. ஆள் சாப்பிடேல்லை."

"கூப்பிட்டால் போவன். கூப்பிட வாய் இல்லையோ அவருக்கு?"

"உங்களுக்கு இருக்கோ?"

கனகலிங்கம் குசினிக்குள் போனார். அவள் கொஞ்ச நேரம் மேலே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். இருமல் கேட்கவில்லை. பிள்ளையைக் கிடத்திவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, துடக்கையும் பாராமல் மல்லித் தண்ணியோடு படியேறினாள். அந்தப் பதின்மூன்று படிகளில் அவள் பாதிக்கு மேலே போனது அதுதான் முதல் தடவை.

அவள் கூப்பிட்ட குரலில் கனகலிங்கம் ஓடினார். மேலே வாயால் விட்ட மூச்சு புகையாக நின்றது. செல்வரத்தினம் வேலைக்குப் போடும் பெரிய கோட்டோடும் கம்பளித் தொப்பியோடும் கட்டிலில் சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆளை மட்டுக்கட்டி அடையாளம் கண்டமாதிரி இல்லை. நெஞ்சுக்குள் குழாயில் காற்று அடைத்தால் கேட்கும் சத்தம் கேட்டது. அம்புலன்ஸ் பனியைத் தாண்டி வந்து சேரும்வரை கனகலிங்கம் அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். ஒன்றரை வருடம் பேசாத வாய்க்கு எந்தச் சொல்லால் தொடங்குவதென்று தெரியவில்லை.

நிமோனியா, இரண்டு பக்கமும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருந்தும் பார்க்கலாம் என்றார்கள். மாற்று உடுப்புக் கொண்டுவரச் சொன்னதால் கனகலிங்கம் பனிக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தார். வந்தவர் உடுப்பை எடுக்குமுன் ஸ்குரூடிரைவரை எடுத்தார். அண்ணர் திரும்பி வரும்போது மேல்வீடு சூடாக இருக்க வேண்டும். ஒரு ஸ்குரூ, ஒரு சுற்று, ஒரு நிமிட வேலை. அதைச் செய்துவிட்டால் கொஞ்சமாவது மனம் ஆறும் என்று நினைத்தார்.

அலுமாரியைத் திறந்து பழைய பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

குளிர்ந்துபோய்க் கிடந்தது. முனகல் இல்லை, சூடு இல்லை. பக்கத்தில் புதுப் பம்ப் இதமாக ஓடிக்கொண்டிருக்க, இது வெளியில் கிடந்த இரும்புபோலக் கிடந்தது. அவர் கையை எடுக்காமல் நின்றார். பிறகு ஸ்குரூவைக் கழற்றித் தண்டைத் தொட்டார். தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு சுழன்றது. அந்தப் பம்பில் ஒரு குற்றமும் இருக்கவில்லை.

கழற்றியதைப் பூட்டிவிட்டு மெல்லப் படியேறினார். அண்ணருடைய அறை வாசலில் ஒன்றரை வருடத்துக்கு முன் தன் கையாலேயே பூட்டிய தெர்மோஸ்டாட் இருந்தது. முள் ஐந்து பாகையில் நின்றது. அதற்குக் கீழே திருப்ப இடமில்லை. குளிரில் நடுங்குகிறவன் கூட்டுவான். யாரும் குறைத்து வைக்கமாட்டான். கனகலிங்கம் அதைப் பிடித்து இருபதுக்குத் திருப்பினார். டிக்கென்று ஒரு சத்தம். உடனே கீழே அலுமாரிக்குள் பழைய பம்ப் கனத்த இரைச்சலோடு ஓடத் தொடங்கியது.

இறங்கி வந்தபோது தவமலர் பிள்ளையோடு முன்னறை வாசலில் நின்றாள். அவளுக்கும் அந்த இரைச்சல் கேட்டிருந்தது.

"பம்ப் இறுகேல்லை" என்றார் கனகலிங்கம். "அவர்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

"பனி தொடங்கின அண்டு, கிண்ணம் எடுக்கப் படியடிக்குப் போனனான். மேல்படியிலை நிண்டவர். பிள்ளை ஏன் அழுகுது, சூடு காணாதோ எண்டு கேட்டவர். நான் காணாது எண்டு சொன்னனான்." பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "பேந்து ஒண்டும் சொல்லேல்லை. தலையை ஆட்டிப்போட்டு உள்ளுக்குப் போட்டார். உங்களிட்டைச் சொன்னால் ஏன் கதைச்சனி எண்டு பேசுவியளெண்டு நான் சொல்லேல்லை" என்றாள்.

அம்மாவின் சாவை எப்படி விழுங்கினாரோ அப்படியே இதையும் விழுங்கியிருக்கிறார் மனிதர். தம்பிக்கு எது தேவையென்று தானே தீர்மானித்து, தானே செய்து, ஒரு சொல்லுச் சொல்லாமல். கனகலிங்கத்துக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் முதலில் வந்தது. இந்த முறையும் என்னைக் கேட்கவில்லையே என்ற கோபம். அதன் பின்னால்தான் அழுகை வந்தது. படியில் உட்கார்ந்து, பிள்ளை திடுக்கிட்டு எழும்ப, பெருங்குரலெடுத்து அழுதார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது செல்வரத்தினத்தின் முகத்தில் ஒட்சிசன் மூடி இருந்தது. நினைவு இல்லை என்றாள் தாதி. கனகலிங்கம் காதடியில் குனிந்தார்.

"அண்ணை. பிள்ளை நல்லா இருக்கு. பால் குடிக்குது."

அவருக்குக் கேட்டதோ தெரியாது. மூடிக்குள் மூச்சு ஒரே மாதிரி ஏறி இறங்கியது. கனகலிங்கம் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒன்றரை வருடத்தில் சொல்லாத எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். வேலையைச் சொன்னார், பாய்லரைச் சொன்னார், புதுப் பம்பைத் தனக்கு எடுத்துக்கொண்டதைச் சொன்னார். சபாரத்தினம் வந்து பார்த்தபோதும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த நாள் மத்தியானம் செல்வரத்தினம் செத்துப்போனார். கல்யாணம் முடிக்காத மனிதருக்குக் கொள்ளி வைக்கத் தம்பிதான் இருந்தார். தாய்க்கு வைக்கக் கிடைக்காத கொள்ளியை அண்ணருக்கு வைத்தார் என்று சனம் சொன்னது. இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தானை அமத்துவது. கனகலிங்கம் பொத்தானை அமத்தினார். சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு மோட்டர் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் மற்றவர்கள் வீட்டுப் பம்புகளைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். யாரும் கூப்பிடும்வரை அவர் காத்திருக்கவில்லை.

மோர்டன் வீட்டில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்தவீடு முடிந்த கிழமையே குழாயை வெட்டி, புதுப் பம்பை மேலுக்கும் பழையதைத் தன் பக்கத்துக்கும் மாற்றினார் கனகலிங்கம். பாய்லரையும் பெரியதாகப் போட்டார். சூடேறிய மேல்வீட்டில் இப்போது மகள் படிக்கிறாள், பத்து வயதாகப் போகிறது, பெரியப்பாவைப் படத்தில்தான் தெரியும். ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கும்போது, ஊரார் வீடுகளுக்குப் போகுமுன், கனகலிங்கம் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து அந்தப் பழைய பம்பின் மேல் கையை வைப்பார். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த சாமான். துருப்பிடித்து, இறுகி, முனகி, கையைச் சுட வேண்டும் என்றுதான் அவருக்கு விருப்பம். ஒரேயொரு தடவை இறுகினால் போதும். இறுகக்கூடிய பம்ப்தான், அன்றைக்குத் தான் அப்படி நினைத்ததில் ஒரு நியாயமாவது இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பம்ப் இன்றுவரை இறுகவில்லை.